அடுத்த சிறுநீரகம் யாருக்கு? முடிவெடுத்தலில் அறமும் விழுமியங்களும்

எந்த முடிவையும் பிரித்துப் பார்த்தால் அதனுள் இரு வகைக் கூறுகள் தென்படும். நிலைமை இப்போது எவ்வாறு உள்ளது, இன்னதைச் செய்தால் இன்னது விளையும் என்று சொல்பவை ஒரு வகை. எது நல்லது, எது முந்த வேண்டும், யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று சொல்பவை மற்றொரு வகை. ஹெர்பர்ட் சைமன் 1947இல் வெளியிட்ட 'நிருவாக நடத்தை' என்னும் நூலில் இவற்றை உண்மை முற்கோள், விழுமிய முற்கோள் எனப் பிரித்துக் காட்டினார். முற்கோள் என்பது முடிவுக்கு முன்பாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டு அதைத் தாங்கி நிற்கும் கருத்து. விழுமியம் என்பது ஒருவரோ ஒரு சமூகமோ உயர்வாக மதித்து, அதற்காகப் பிறவற்றை விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கும் ஒன்று. அத்தகைய விழுமியங்கள் தம்முள் மோதும்போது எதை எதற்கு முன் நிறுத்துவது என்று காரணம் காட்டி வாதிடும் ஒழுங்கையே இக்கட்டுரை அறம் என்று குறிக்கிறது. உண்மை முற்கோளைச் சோதித்துச் சரிபார்க்கலாம், விழுமிய முற்கோளை அவ்வாறு சரிபார்க்க முடியாது என்பது சைமனின் நிலைப்பாடு. உண்மைகளை வல்லுநர் தருவார், விழுமியங்களை மக்களும் அவர்தம் பிரதிநிதிகளும் தருவார்கள் என்ற வேலைப் பிரிவினை இந்தப் பாகுபாட்டோடு ஒட்டியே வளர்ந்தது.

இப்பிரிவு ஏட்டில் தெளிவாக இருக்கும் அளவுக்கு நடைமுறையில் தெளிவாக இருப்பதில்லை. இரண்டும் பின்னிக் கிடப்பவை, பிரித்தெடுக்க இயலாதவை என்று மெய்யியலாளர் ஹிலரி புட்னம் 2002இல் விரிவாக வாதிட்டார். அவ்வாதத்தின் வலிமையை உணர்வதற்கு மாற்றுச் சிறுநீரகத்தை விடப் பொருத்தமான களம் அரிது. பணத்தைப் பங்கிடும்போது எல்லோருக்கும் சிறிது சிறிதாகக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். ஒரு சிறுநீரகத்தை அவ்வாறு கூறுபோட முடியாது. ஒருவருக்குக் கொடுப்பது மற்றொருவருக்கு மறுப்பதாகவே முடியும். அந்த மறுப்புக்கு ஏதேனும் ஒரு காரணம் சொல்லப்பட்டாக வேண்டும் என்பதால்தான், வேறு துறைகளில் பழக்கத்தின் அடியில் மறைந்து கிடக்கும் விழுமியங்கள் இங்கே வெளிச்சத்துக்கு வருகின்றன.

இவ்வகையில் வரலாறு பதிவுசெய்துள்ள முதல் பெரும் சோதனை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்தது. இரத்தத்தைப் பொறியின் வழியே செலுத்திச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் முறை 1940களிலேயே உருவாகியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக் குழாயைத் துளைக்க வேண்டியிருந்ததால், சில நாள்களில் குணமாகக்கூடிய திடீர்ச் செயலிழப்புக்கு மட்டுமே அது பயன்பட்டது. 1960இல் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க டெஃப்லான் குழாய் ஒன்றை வடிவமைத்தார். அன்று வரை வாரக் கணக்கில் இறந்துகொண்டிருந்தவர்கள் ஆண்டுக் கணக்கில் வாழ முடியும் என்ற நிலை வந்தது. ஆனால் 1962இல் தொடங்கப்பட்ட சியாட்டில் செயற்கைச் சிறுநீரக மையத்தில் இருந்த படுக்கைகள் மூன்றே.

உடல்நிலைத் தகுதியை முதலில் மருத்துவர் குழு பார்த்தது. 45 வயதைக் கடந்தவர்களும் சிறுவர்களும் அங்கேயே விலக்கப்பட்டனர். அதன் பிறகும் இடத்துக்கு மேல் ஆள் இருந்ததால், இறுதித் தேர்வு பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்ட எழுவர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வழக்கறிஞர், சமய குரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் ஆகிய அவ்வெழுவரின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. எழுத்தில் வகுத்த அளவுகோல் எதுவும் அவர்கள் கையில் தரப்படவில்லை. மணமானவரா, எத்தனை பேர் அவரை நம்பி வாழ்கின்றனர், வருமானம், சொத்து, கல்வி, தொழில், மன உறுதி, சமூகத்துக்கு இதுவரை ஆற்றியதும் இனி ஆற்றக்கூடியதும் என்று அவர்கள் தாமே கூறுகளை வகுத்துக்கொண்டு கலந்து பேசி முடிவெடுத்தனர். 1962 நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்ஸாண்டர் எழுதிய நெடுங்கட்டுரை இதை உலகறியச் செய்தது. கடவுளின் வேலையைச் செய்யும் குழு என்ற பொருளில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

அக்குழு பின்னர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. நடுத்தர வர்க்கம் தன் சாயலில் உள்ளவர்களையே காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது என்றும், ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போகாத சிந்தனையாளர் ஒருவருக்கு அங்கே இடமே கிடைத்திருக்காது என்றும் 1968இல் சட்டவியல் ஆய்வு ஒன்று வாதிட்டது. கண்டனம் நியாயமானதே. ஆயினும் அக்குழுவின் பிழை எங்கே இருந்தது என்பதைச் சரியாக அடையாளம் காண வேண்டும். விழுமியங்களைக் கொண்டு முடிவெடுத்ததை அதன் குற்றமாகச் சொல்ல முடியாது. யாராயினும் விழுமியங்களைக் கொண்டுதான் முடிவெடுத்திருக்க இயலும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்படவில்லை, காரணம் எழுதப்படாததால் அதை எதிர்த்து வாதிட வழியில்லை, வழியில்லாததால் குழுவினர் தம் சாய்வைத் தாமே உணர்ந்து திருத்திக்கொள்ளவும் வாய்ப்பில்லை. குழுவை முடக்கியது இந்த மூடிய நிலையே. 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சையை ஏறத்தாழ அனைவருக்கும் அரசுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தபோது டயாலிசிஸ் பற்றிய தேர்வுச் சிக்கல் அங்கே மறைந்தது. பணத்தால் தீர்க்கக்கூடிய பற்றாக்குறை பணத்தால் தீர்க்கப்பட்டது. மாற்றுச் சிறுநீரகத்துக்கு அந்த வழி இல்லை என்பதால் கேள்வி அங்கே இடம்பெயர்ந்தது.

இக்கேள்விக்கு அறவியல் மரபுகள் தரும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. செயலின் விளைவைக் கொண்டே அதன் நன்மை தீமையை அளக்கும் பயன்வாதம், ஜெரமி பெந்தம் வகுத்த வழியில், அந்தச் சிறுநீரகம் யாருடைய உடலில் அதிக ஆண்டுகள் இயங்குமோ அவருக்கே அதைக் கொடுக்கும். இளைஞர் முந்துவார், முதியவர் பிந்துவார். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக்கலாகாது, விலை என்பது பொருள்களுக்கு உரியது, மனிதருக்கு உரியது மாண்பு என்ற இம்மானுவேல் கான்ட்டின் கடமையறமோ ஆண்டுக் கணக்கைக் கொண்டு ஆளை எடைபோடுவதையே ஐயத்துடன் பார்க்கும். 1977இல் ஜான் டாரெக் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒருவரைக் காப்பதா ஐவரைக் காப்பதா என்ற நிலையில்கூட எண்ணிக்கை மட்டுமே முடிவை வகுத்துவிடக் கூடாது என்றது. மிகவும் நலிந்தவர் நிலையிலிருந்து நீதியைப் பார்க்கும் மரபு ஒன்றும் உண்டு. 1971இல் ஜான் ரால்ஸ் எழுதிய நீதிக் கோட்பாட்டிலிருந்து ஊக்கம் பெற்ற அது, யார் சாவுக்கு மிக அருகில் நிற்கிறாரோ அவரை முன்னே அழைக்கும்.

மருத்துவ அறவியலில் 1979 முதல் செல்வாக்கோடு இருப்பது டாம் பீச்சம்ப், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் இருவரும் வகுத்த நால்நெறி முறை. தன்முடிவுரிமை, அதாவது தன் உடல் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்பன அந்நான்கு. பேராசிரியர்களும் மருத்துவமனைகளும் இவற்றை விரும்பி ஏற்றதற்கு, எந்தச் சமயத்தவரும் எந்தக் கோட்பாட்டினரும் இவற்றை மறுக்க மாட்டார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் நான்கும் மோதும் இடத்தில் எது வெல்லும் என்பதை நெறிகள் தாமாகச் சொல்வதில்லை. 2009இல் 'லான்செட்' இதழில் கோவிந்த் பர்சாத், ஆலன் வெர்த்தைமர், எசக்கியேல் இமானுவேல் ஆகியோர், அரிய மருத்துவ வளங்களைப் பங்கிடுவதற்கான வழிகளைச் சமமாக நடத்துதல், நலிந்தவருக்கு முன்னுரிமை, மொத்தப் பயனைப் பெருக்குதல், சமூகப் பயன்பாட்டை மதித்தல் என நான்கு குடும்பங்களாகத் தொகுத்து, எதுவும் தனித்து நின்று போதாது என்று காட்டினர். சீட்டுக் குலுக்கல் சமமானது, ஆனால் நாளை இறப்பவரையும் பத்தாண்டு காத்திருக்கக் கூடியவரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. வரிசை முறை எளிமையானது, ஆனால் வரிசையில் முந்தி வந்து நிற்பதற்கே வசதி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறது. இந்த இரண்டாவது குறை பின்னர் தமிழ்நாட்டைப் பற்றிப் பேசும்போது மீண்டும் எதிர்ப்படும்.

குழுக்களின் சாய்வைக் கண்டு அஞ்சிய மருத்துவ உலகம் எண்களிடம் அடைக்கலம் புகுந்தது. கல்லீரல் வேண்டுவோரை வரிசைப்படுத்த அமெரிக்காவில் 2002 முதல் 'மெல்டு' என்ற மதிப்பெண் பயன்படுகிறது. தொடக்கத்தில் இரத்தத்தில் உள்ள பிலிருபின், கிரியாட்டினின் ஆகியவற்றின் அளவையும் இரத்தம் உறையும் நேரத்தையும் கொண்டு 6 முதல் 40 வரை கணிக்கப்பட்ட அம்மதிப்பெண் கூடக் கூட நோயாளி வரிசையில் மேலே செல்வார். யாருடைய முகத்தையும் பாராத கணக்கு இது என்று கருதப்பட்டது. ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் அதே அளவு கெட்டிருந்தாலும் அவர்களின் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும். அதனால் மதிப்பெண் குறைந்தது, வரிசையில் பின்தங்க நேர்ந்தது, காத்திருக்கையில் இறக்கும் பெண்களின் விகிதம் ஆண்களுடையதை விடக் கூடியது. பெண்களுக்குக் கூடுதல் புள்ளி தரும் திருத்தப்பட்ட கணக்கு 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் எந்த மருத்துவரும் பெண்களுக்கு எதிராக முடிவெடுக்கவில்லை. முடிவு கணக்கின் உள்ளேயே இருந்தது.

சிறுநீரகத்தில் நடந்தது இதைவிடக் கொடிது. சிறுநீரகம் எவ்வளவு இயங்குகிறது என்பதை இரத்தச் சோதனையிலிருந்து மதிப்பிட 1999இல் உருவான சமன்பாட்டின் பரவலான வடிவம், நோயாளி கறுப்பினத்தவராக இருந்தால் விடையைச் சுமார் 21 விழுக்காடு கூட்டியது. அமெரிக்காவில் இவ்வியக்க அளவு 20 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் கணக்கில் ஏறத் தொடங்கும். ஒரே வயது, ஒரே பால், ஒரே சோதனை முடிவு உடைய இருவரில் ஒருவருக்கு 17 என்று வரும் விடை, மற்றவர் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு 20.6 ஆகிவிடும், முன்னவர் பட்டியலில் காத்திருப்பைத் தொடங்கும்போது பின்னவர் இன்னும் நலமாகத்தான் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பப்படுவார். அந்தப் பெருக்கெண் கறுப்பின மக்களிடம் எடுத்த அளவீடுகளின் சராசரியிலிருந்து வந்தது என்பது உண்மையே. ஆனால் இனம் என்ற சமூகப் பிரிவை உடற்கூற்றின் அளவையாக ஏற்கலாம் என்று கருதியதும், தவறு நேருமானால் அது எந்தப் பக்கம் நேரலாம் என்பதை எண்ணிப் பாராமல் விட்டதும் விழுமியத் தேர்வுகள். 2021இல் இனத்தைக் கணக்கில் எடுக்காத சமன்பாடு பரிந்துரைக்கப்பட்டது. 2022இல் உறுப்புப் பங்கீட்டில் பழைய முறை தடை செய்யப்பட்டது. 2023 முதல், இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பிக் கணக்கிட்டுத் தருமாறு மருத்துவமனைகள் பணிக்கப்பட்டன. சியாட்டில் எழுவரின் முடிவுகளுக்கு அப்படியொரு திருத்தம் இயன்றிருக்காது. சமன்பாடு எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் அதைப் படித்துக் கேள்வி கேட்க மாணவர்களாலும் மருத்துவர்களாலும் முடிந்தது என்பதை அதற்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டும்.

பங்கிடுவதில் மட்டுமன்றிப் பெறுவதிலும் நாடுகள் தத்தம் விழுமியங்களைப் பதித்துள்ளன. சிங்கப்பூரின் 1987ஆம் ஆண்டுச் சட்டம், மறுப்புத் தெரிவிக்காத எவரும் இறந்தபின் தர இசைந்தவரே என்று கொள்கிறது. மறுத்தவர் பின்னொரு நாள் உறுப்பு வேண்டி வந்தால் வரிசையில் பின்னே வைக்கப்படுவார். இஸ்ரேல் 2008இல் இயற்றிய சட்டம் தானத்துக்குப் பதிவு செய்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் முன்னுரிமை தருகிறது. கொடுக்க ஆயத்தமாக இருப்பவரே பெறத் தகுந்தவர் என்ற கைம்மாற்று நீதி இவ்விரண்டிலும் உள்ளது. ஈரானோ 1988 முதல், உயிருடன் இருப்பவர் ஒரு சிறுநீரகத்தைத் தந்து ஈடாகப் பணம் பெறுவதை அரசு மேற்பார்வையில் அனுமதித்து வருகிறது.

ஈரானின் வழியைச் சிலர் துணிவான நேர்மை என்று போற்றுகின்றனர். தன் உடல் தன்னுடையது எனில் விற்பதற்கும் உரிமை உண்டு என்பது அவர்களின் வாதம். தன்முடிவுரிமை என்ற நெறியை மட்டும் எடுத்துக்கொண்டால் அவ்வாதத்தை மறுப்பது கடினம். அதற்கான மறுமொழி சென்னையிலிருந்து கிடைக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாகச் செய்யப்பட்ட பின், 1980களில் உடலின் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்து, உறவில்லாதவர் உறுப்பும் பொருந்தும் என்ற நிலை ஏற்பட்டதும், ஏழைகளின் சிறுநீரகம் விலைப்பொருளாயிற்று. சென்னையின் வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' என்று அழைக்கப்பட்ட காலம் அது. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு பேசியது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காகவே விற்றிருந்தனர். ஆய்வின்போதும் ஏறத்தாழ நான்கில் மூவர் கடனிலேயே இருந்தனர். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். விற்கும் உரிமை என்று ஏட்டில் அழகாக ஒலித்தது, கந்துவட்டிக்காரரின் நெருக்குதலாகவே அவர்கள் வாழ்வில் வந்து சேர்ந்தது. கையெழுத்து இட்டதாலேயே ஒரு முடிவு ஒருவரின் சொந்த முடிவாகிவிடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

1994இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியதோடு, மூளைத்தண்டு சாவை, அதாவது மூளை மீளாச் செயலிழப்பை அடைந்து மூச்சு மட்டும் கருவியால் இயங்கும் நிலையை, இறப்பாக ஏற்றது. அதைச் சான்றளிப்பதற்கு நான்கு மருத்துவர் வேண்டும், சோதனை ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை நடக்க வேண்டும், உறுப்பை மாற்றிப் பொருத்தும் மருத்துவர் அதில் பங்கேற்கக் கூடாது என்ற விதிகளைக் கூர்ந்து நோக்கினால், ஆவலை அதிகாரத்திலிருந்து பிரித்து வைக்கும் எண்ணம் அவற்றில் புலப்படும். தனிமனிதர் நல்லவர் என்ற நம்பிக்கையை மட்டும் சார்ந்திராமல், நல்லவர் தடுமாறும் இடத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்த சட்டம் அது. உறவினர் அல்லாதவர் தர முன்வந்தால், அன்பினாலோ பற்றினாலோ தான் தருகிறார் என்று ஒப்புதல் குழு நிறைவடைய வேண்டும் என்ற விதியைப் பற்றி அவ்வளவு மனநிறைவோடு பேச முடியாது. அன்புக்கு ஆவணம் கேட்டால் ஆவணமே தயாரிக்கப்படும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சென்னையின் எர்ணாவூர் மறுவாழ்வுக் குடியிருப்பில் மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

தமிழ்நாட்டின் நிலையைத் திருப்பியது 2008ஆம் ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரன் என்ற மாணவரின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானமாகக் கொடுத்தனர். இதயத்தைக் கொண்டுசெல்லக் காவல்துறை சென்னைச் சாலைகளை ஒதுக்கித் தந்தது. அதே காலத்தில் அரசு பிறப்பித்த ஆணைகள் மூளைச்சாவு அறிவிப்புக்கும் பங்கீட்டுக்கும் ஒழுங்கான முறையை வகுத்தன. இன்று அப்பணியைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. தானம் கிடைத்த மருத்துவமனைக்கே ஒரு சிறுநீரகத்தில் முன்னுரிமை, மற்றொன்று பொதுப் பங்குக்கு என்ற ஏற்பாட்டில் இரண்டு விழுமியங்கள் சமரசம் செய்துகொண்டுள்ளன. மூளைச்சாவை அடையாளம் காண்பதும், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் மகனின் உடலருகே நிற்கும் பெற்றோரிடம் தானம் பற்றிப் பேசுவதும், உடலைப் பேணுவதும் கடினமான உழைப்பைக் கோருபவை. அவ்வுழைப்புக்குப் பலன் இல்லையெனில் மருத்துவமனைகள் முயலாமலே விட்டுவிடலாம். மறுபுறம், உறுப்பு ஒருவர் சமூகத்துக்கு விட்டுச்செல்லும் கொடை எனில், அது எந்தக் கட்டடத்தில் எடுக்கப்பட்டது என்பது யார் பெறுவார் என்பதைத் தீர்மானிக்கலாகாது. இந்தச் சமரசம் தொடக்க ஆண்டுகளில் தேவையாக இருந்தது என்றே கொள்ளலாம். தானம் ஊன்றிவிட்ட மாநிலத்தில் அது என்றைக்கும் நீடிக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அறிவித்த முடிவு வேறு வகையில் சிறந்தது. விலை பேசாமல் நன்றி சொல்வதற்கு ஒரு வழியை அது கண்டுபிடித்தது.

ஆயினும் பட்டியல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், பட்டியலில் ஏறியவர்களுக்குள்தான் அது நேர்மையாக இருக்க முடியும். மாற்று அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் மருந்து வாங்க இயலாதவரும், வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் பேருந்தில் போய்வர இயலாதவரும் பெயர் பதிவதற்கு முன்பே கழிந்துவிடுகின்றனர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உறுப்பு மாற்றை உள்ளடக்கியதும், அரசு மருத்துவமனைகளிலேயே மாற்று அறுவைகள் நடப்பதும் இந்தக் கழிவைக் குறைத்துள்ளன. பங்கீட்டு விதியில் எத்தனை நுட்பமான திருத்தம் செய்தாலும் இந்த இரண்டும் செய்த நன்மைக்கு அது ஈடாகாது.

பட்டியலே இல்லாத முடிவுகளும் உண்டு. இந்தியாவில் பெரும்பான்மை அவையே. இங்கு மாற்றப்படும் உறுப்புகளில் பெரும்பகுதி உயிருடன் இருக்கும் உறவினர் தருபவை. 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்ததாகப் பதிவான 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,000க்கும் மேற்பட்டவை ஆண்களுக்கு, 6,945 மட்டுமே பெண்களுக்கு. உயிருடன் தருவோரிலோ பெண்களே மிகுதி. நோய்ப் பரவலில் உள்ள வேறுபாடு இதில் ஒரு பகுதியை விளக்கலாம், முழுவதையும் விளக்காது. சம்பாதிப்பவர் பிழைக்க வேண்டும், தாயோ மனைவியோ கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் எழுதப்படவில்லை. சியாட்டில் எழுவர் பேசிய அதே வருமானம், அதே குடும்பப் பொறுப்பு என்ற அளவுகோல்கள், அங்கே இருந்த குறைந்தபட்சக் கலந்துரையாடல்கூட இல்லாமல், வீட்டுக் கூடத்தில் ஒரு மாலைப்பொழுதில் நிறைவேறிவிடுகின்றன. வள்ளுவர் தெரிந்து செயல்வகையை ஆள்வோருக்குரிய பொருட்பாலில் வைத்தவர், நடுவு நிலைமையை அறத்துப்பாலின் இல்லறவியலில் வைத்தது இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. உறுப்பு மாற்றுக்கான 2014ஆம் ஆண்டு விதிகள், தருபவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்றும், அவரது தனித்த ஒப்புதலைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன. ஒப்புதல் குழுவின் அறையில், கணவரும் மாமியாரும் வெளியே காத்திருக்க, அந்தப் பெண்ணிடம் அக்கேள்வி எவ்வளவு பொறுமையாகக் கேட்கப்படுகிறது, அவர் வேண்டாம் என்று சொன்னால் அது மருத்துவக் காரணமாகவே வெளியே அறிவிக்கப்பட்டு அவர் பாதுகாக்கப்படுகிறாரா என்பவற்றை எந்தப் பட்டியலும் பதிவு செய்வதில்லை.